மனை விலையை ஏற்றியது யார்?
சென்னையின் தென்புறம், தாம்பரத்தை அடுத்த சேலையூர், செம்பாக்கம் பக்கம் மாதச் சம்பளக்காரர்கள் ஒரு காலத்தில் கிரவுண்டு வாங்கி வீடு கட்டினார்கள். அதே வேலை பார்க்கும் இளையவர்கள் இன்று அந்த வீடுகளின் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார்கள். ‘நாங்கள் சிக்கனமாக இருந்தோம்’ என்று பெரியவர்கள் சொன்னால் இளையவர்களுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். 1931-இல் தாம்பரம் வந்த மின்சார ரயில், 1984-இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம், 2023 இறுதியில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் என்று ஊரார் பணத்தில் வந்தவைதான் மனை விலையை ஏற்றின, சிக்கனம் அல்ல.

சாலையும் குடிநீரும் இல்லாதபோது குடியேறியவர்கள் அந்தப் பெரியவர்கள்தானே என்று கேட்கலாம். உண்மை, பலருக்கு அந்த வாடகையே ஓய்வூதியம். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஈடாக மனை மலிவாகக் கிடைத்தது. இன்று இன்னும் தெற்கே கூடுவாஞ்சேரி தாண்டிப் போனாலும் மலிவு இல்லை, கஷ்டம் மட்டுமே மிஞ்சுகிறது. வாங்க முடியாதவருக்கு வாடகைதான் வழி. ஆகவே கோபம் வீட்டுக்காரர் மேல் அல்ல, வாடகை விதிகள் மேல் திரும்ப வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் இருதரப்பும் வேறு விதமாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ள இடமும் தருகிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? முதலில் அந்த வாசலை அடைக்க வேண்டும்.