மோட்டாரை நிறுத்தினால் ரேடியோ ஏன் கரகரக்கிறது?

சித்தையன்கோட்டை வயற்காட்டில் மீடியம் வேவ் கேட்டுப் பழகியவர்களுக்கு இது தெரிந்ததுதான். பக்கத்துக் கிணற்றில் மோட்டாரை நிறுத்தினால் போதும், திருச்சி வானொலி நடுவே ‘கரக்’ என்று ஓர் இரைச்சல் வெட்டும். மதுரைக்கு மாற்றினாலும் அது விடாது. திருச்சி 936 கிலோஹெர்ட்ஸ், மதுரை 1269. மோட்டாருக்கு மட்டும் எல்லா இடத்திலும் எப்படி அனுமதி?

மோட்டாருக்குள் இருப்பது செம்புக்கம்பிச் சுருள். ஓடுகிற மின்னோட்டம் சட்டென்று நிற்பதைச் சுருள் சும்மா விடாது. ஸ்டார்ட்டரின் கான்டாக்ட் பிரியும்போது, தன்னிடமுள்ள காந்த ஆற்றலைக் கொண்டு மின்னழுத்தத்தை எகிறவைக்கும், பொறி பறக்கும். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளோ சிறு கண்டன்சர்கள் மாதிரி மின்னூட்டத்தைத் தாங்கும். ஆற்றல் சுருளுக்கும் இவற்றுக்கும் இடையே அதிவேகமாகப் போய்வரும். போய்வரும் ஒவ்வொரு முறையும் மின்தடை கொஞ்சத்தை வெப்பமாக்கிவிடும். கண்சிமிட்டும் முன்பே ஆட்டம் அடங்கிவிடும்.

கோயில் மணியை அடித்து விட்டுவிட்டால் சுருதி தெளிவாகக் கேட்கும். கையால் பிடித்துக்கொண்டு அடித்தால் வெறும் ‘டொக்’. அதில் சுருதியே இல்லை. மின்சாரத்திலும் அப்படித்தான்: அலைவு எவ்வளவு சீக்கிரம் செத்துப்போகிறதோ அவ்வளவு அகலமாக அலைவரிசைகளில் பரவும். அதனால்தான் அந்தப் பொறிக்குத் திருச்சியும் ஒன்று, மதுரையும் ஒன்று. ரேடியோவின் டியூனிங் பகுதியோ நேர் எதிர். சுமார் 290 மைக்ரோஹென்றி சுருளும் 100 பிக்கோஃபாரட் கண்டன்சரும் சேர்ந்தால் 936-க்குப் பக்கத்தில் ஒலிக்கும். மின்தடை குறையக் குறைய அந்தத் தேர்வு கூர்மையாகும்.

மின்தடை ஓர் எல்லையைத் தாண்டினால் அலைவே இருக்காது, மின்னூட்டம் மெல்ல வடிந்துவிடும் என்று 1853-இல் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். 1895-இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லாமல் மணியடிக்க வைத்ததும் பொறியிலிருந்து பிறந்த அலையால்தான். ஆனால் பொறி டிரான்ஸ்மிட்டர்கள் பெருகியபோது ஒன்றையொன்று அமுக்கின. அதே பழைய கரகரப்பு, கடல்தாண்டும் அளவில்! ரேடியோ வால்வு வந்து, இழந்த ஆற்றலை அலைவுக்கு அலைவு ஈடுகட்டிய பிறகே ஒழுங்கு வந்தது.

கொடை பண்பலை 100.5-இல் இத்தொல்லை குறைவு. அங்கே செய்தி அலையின் உயரத்தில் இல்லை, அதிர்வெண்ணில் இருக்கிறது. உயரத்தில் ஏறும் இரைச்சலை ரேடியோ வெட்டியெறிந்துவிடும்.

மீடியம் வேவ்தான் வேண்டும் என்பவர்கள் ரேடியோவைக் குறைசொல்லிப் பயனில்லை, வைத்தியம் ஸ்டார்ட்டரில் செய்ய வேண்டும். கான்டாக்டுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சரும் மின்தடையும் தொடராக வைத்தால் பொறி அடங்கும். கண்டன்சர் மட்டும் போட்டால், அடுத்த முறை கான்டாக்ட் சேரும்போது அது ஒரேயடியாகக் கொட்டி முனைகளை ஒட்டவைத்துவிடும். வேலை எலக்ட்ரீஷியனுடையது, மெயினுக்கு ஏற்ற கண்டன்சராகக் கேட்டு வாங்க வேண்டும்.