உணவு ஆலோசனை யாரிடம் கேட்பது?



காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் செல்கிறோம். சுவர் விரிசல் கண்டால் கொத்தனாரை அழைக்கிறோம். 'நம் வீட்டார் உண்ணும் உணவு உடலுக்குப் போதுமானதுதானா?' என்று ஐயம் எழுந்தால் மட்டும் யாரை நாடுவது என்று பலருக்குத் தெரிவதில்லை. கேளாமலே சொல்ல வருகிறவர்களோ ஏராளம். சைவ உணவு கொள்ளும் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி சற்று அவசரமானது. ஏன் என்பதை முதலில் பார்ப்போம்.

சைவ உணவு குறையுள்ள உணவன்று. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் சத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது; நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் பி-12 என்னும் வைட்டமினைச் செடி கொடிகள் உண்டாக்குவதில்லை. அதை உண்டாக்குபவை நுண்ணுயிர்கள். சைவர்களுக்கு அது பால், தயிர், மோர் வழியாகவே கிட்டுகிறது. பாலையும் விலக்குவோர் மாத்திரையாகவோ, அச்சத்துச் சேர்த்த உணவாகவோதான் பெறவேண்டும். ஈரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைப்பதால் குறை உடனே தெரிவதில்லை. தெரியும்போது சோகையாகவும், கைகால் மரத்துப்போதலாகவும் தெரியும். கவனியாமல் விட்டால் நரம்புக்கு நேரும் கேடு முற்றிலும் நீங்காமலும் போகலாம். இன்னொரு விபரீதமும் உண்டு. போலிக் அமிலம் கலந்த டானிக்கை மட்டும் உண்டால் சோகை தணிந்துவிடும். நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். அரைகுறை ஆலோசனை ஆபத்தாவது இங்கேதான்.

எங்கள் தெருவில் ஒரு தையற்காரர் குடும்பம் உண்டு. தலைமுறையாகச் சைவர்கள். அம்மையாருக்கு ஓயாத களைப்பு. 'ஊட்டச்சத்து ஆலோசகர்' என்று அட்டை அச்சிட்டுக்கொண்ட ஒருவர் மாதந்தோறும் ஒரு டின் மாவை அவர்கள் தலையில் கட்டிவந்தார். ஆலோசனை இலவசம், டின்னுக்குத்தான் விலை! பாதங்கள் மரத்துப்போன பிறகே அம்மையார் அரசு மருத்துவமனைக்குச் சென்றார். டாக்டர் இரத்தத்தைச் சோதித்து, பி-12 குறைவென்று கண்டு ஊசி போட்டார். பிறகு அங்கிருந்த உணவியல் வல்லுநரிடம் அனுப்பினார். அந்தப் பெண்மணி எதையும் வாங்கச் சொல்லவில்லை. 'உங்கள் வீட்டில் பாலை யார் குடிக்கிறார்கள்?' என்று கேட்டார். பிள்ளைகளுக்குப் பால், கணவருக்குக் காப்பி, தமக்கு மிஞ்சிய சோறும் ரசமும் என்று பதில் வந்தது. நோயின் மூலம் அந்தப் பதிலில் இருந்தது. அம்மையாருக்கும் நாள்தோறும் பாலும் தயிரும் உண்டென ஏற்பாடாயிற்று. இரும்புச் சத்துக்காகப் பயறும் கீரையும் சேர்த்து, அவற்றோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளவும், காப்பியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளிக் குடிக்கவும் சொன்னார். டின்னுக்குப் போன பணத்தில் இவையெல்லாம் அடங்கிச் சிறிது மிச்சமும் ஆயிற்று.

தகுதியுடையவரை எப்படி அறிவது? உணவியலில் உயர்கல்வி கற்று, மருத்துவமனையில் பயிற்சி பெற்று, இந்திய உணவியல் சங்கம் நடத்தும் தேர்வில் தேறியவர்கள் 'பதிவு பெற்ற உணவியல் வல்லுநர்' ஆகின்றனர். 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டமொன்றும் இத்தொழிலை முறைப்படுத்த வேண்டிய தொழில்களுள் சேர்த்திருக்கிறது. ஆகவே, 'என்ன படித்தீர்கள்? எங்கே பயின்றீர்கள்? பதிவு எண் யாது?' என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. தகுதியுடையவர் மகிழ்ந்தே விடை சொல்வார். சில வாரப் பயிற்சியில் பெற்ற சான்றிதழைக் காட்டுவோரும், தாமே விற்கும் பண்டத்தை மருந்தென்போரும் அந்த வரிசையில் சேரார்.

செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உணவியல் வல்லுநர்கள் இருக்கின்றனர். புறநோயாளியாகச் சென்று டாக்டரிடம் கேட்டால் வழிகாட்டுவார். கருவுற்ற தாய்மாருக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அங்கன்வாடி அருகிலேயே உண்டு. நோயற்ற குடும்பம் பொதுவாகத் தெரிந்துகொள்ள விரும்பினால், ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் திருத்தி வெளியிட்ட உணவு வழிகாட்டி நூலை இணையத்தில் காசின்றிப் படிக்கலாம். அந்த நிறுவனத்துக்கு வித்திட்டது நம் குன்னூரில்தான். 1918-இல் மக்காரிசன் என்னும் அயர்லாந்து மருத்துவர் அங்கே ஓர் அறையில் தொடங்கிய பெரிபெரி நோய் ஆராய்ச்சியே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்றது.

வல்லுநரைக் காணச் செல்லுமுன் ஒரு வேலை இருக்கிறது. அதை மாணவர்களாகிய நீங்களே செய்யலாம். வீட்டில் ஒவ்வொருவரும் உண்டதையும் பருகியதையும் மூன்று நாட்களுக்கு, எத்தனை கரண்டி, எத்தனை தம்ளர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நொறுக்குத் தீனியையும் மறைக்க வேண்டாம். சமைத்தவர் எப்போது, என்ன மிஞ்சியிருக்க உண்டார் என்பதையும் தவறாமல் குறியுங்கள். அந்த மூன்று நாட்களுள் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். அன்றைய சமையல் வேறு.