பிரேக்கைக் கழற்றினால் இழப்பீடும் குறையும்

புளியங்குடிக்கு நடுவே போகும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, திருமங்கலத்திலிருந்து கொல்லம் வரை நீள்வது. எலுமிச்சை ஏற்றிய மினி லாரி, கேரளத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி, தென்காசி பஸ் எல்லாம் அதில்தான். பள்ளி விட்டு வரும் பையன்களின் சைக்கிளும் அதில்தான். சில சைக்கிள்களில் மட்காடு இருக்காது. சிலவற்றில் பிரேக் கட்டையும் இருக்காது. கேட்டால், “வெயிட்டு கொறையும்ணே, வீலிங் நல்லா வரும்” என்பார்கள்.

ரீல்ஸில் பார்த்து ஆசைப்படும் ‘ஃபிக்ஸட் கியர்’ சைக்கிள், பந்தயத் தடத்துக்காகப் பிறந்தது. அதில் ஃப்ரீவீல் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். காலால் எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும். தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் போவதால் பிரேக் தேவையில்லை. நம் சாலையில் ஆடு குறுக்கே வரும். வேகத்தைக் குறைக்கும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின்சக்கரம் மட்டும் நின்றால் வழுக்கும்; நிற்க ஏறக்குறைய இரு மடங்கு தூரம் ஆகும். பேன்ட் நுனி செயினில் சிக்கினாலும் பெடல் நிற்காது, காலையும் சேர்த்து இழுக்கும்.

இதைவிட மோசம், பழைய ஃப்ரீவீலுக்கு வெல்டு வைத்து ‘ஃபிக்ஸட்’ ஆக்குவது. உண்மையான தட சைக்கிளில் பல்சக்கரம் கழன்றுவிடாதபடி எதிர்மரை வளையம் ஒன்று பூட்டியிருக்கும். வெல்டு வைத்ததில் அது இல்லை. எதிர்த்து அழுத்தும் நொடியில், அதாவது நிறுத்தியே ஆக வேண்டிய நேரத்தில், மரை கழன்று சக்கரம் தன்பாட்டுக்கு ஓடும்.

பந்தயத் தடத்துக்குப் பேர்போன ஜப்பானிலேயே சாலையில் இரண்டு பிரேக் கட்டாயம்; 10 கி.மீ. வேகத்தில் வந்தால் 3 மீட்டருக்குள் நிற்க வேண்டும். சியோலில் ஒரு பள்ளி மாணவர் இறந்த பிறகு, 2025-இல் தென் கொரியக் காவல்துறை பிரேக் இல்லாத சைக்கிள்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்தது.

இந்தியாவில் சைக்கிளுக்கு லைசென்ஸ் வேண்டாம், இன்சூரன்ஸும் வேண்டாம். அதனால் சட்டமே கிடையாது என்று நினைப்பது தப்பு. பாரதிய நியாய சன்ஹிதா 281-ஆம் பிரிவு, பொதுவழியில் ஆபத்தாக எந்த வாகனம் ஓட்டினாலும் பொருந்தும்: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் யாராவது இறந்தால் 106-ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை. 18 வயது ஆகாதவர் என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும்.

பாதிக்கப்பட்டது நம் பையன் என்றால்? முதலில் 108. ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் கட்டணமில்லை. மோதியது மோட்டார் வாகனம் என்றால், வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனுப் போடுங்கள். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழியுண்டு: உயிரிழப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய். வருவாய்த் துறை வழியாகக் கோரலாம்.

மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் தேடுவது நம் பக்கத் தப்பைத்தான். பிரேக் இல்லாததும் விபத்துக்குக் காரணம் என்று காட்டிவிட்டால், அந்தப் பங்கைத் தொகையில் கழிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள், சைக்கிளை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். நசுங்கிப்போனதுதானே என்று பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். பிரேக் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.