முட்டை வருமுன் தோன்றும் அறிகுறி

சூலகத்திலிருந்து வெளிப்படும் முட்டை எவ்வளவு நேரம் உயிர்ப்புடன் இருக்கும்? ஏறத்தாழ 12 முதல் 24 மணி நேரந்தான். குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியர் அந்த நாளை அறிவது எப்படி?

நாள்தோறும் விழித்தவுடன் உடல் வெப்பநிலையை அளப்பது ஒரு வழி. முட்டை வெளிப்பட்ட பின் வெப்பநிலை சிறிது உயரும். ஆனால் வெப்பமானி அதைக் காட்டும்போது முட்டையின் காலம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்டி புறப்பட்ட பின் அடிக்கும் மணியைப் போன்றது இது! முன்கூட்டியே ஒலிக்கும் மணியும் உடலில் உண்டு. அதுதான் கருப்பை வாயில் ஊறும் சளி.

இச்சளியில் மியூசின் என்னும் நீண்ட மூலக்கூறுகள் வலைபோல் பின்னியிருக்கின்றன. வலையின் கண்களில் நீர் தங்கியிருக்கிறது. மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் நீரின் பங்கு சுமார் 90 விழுக்காடு. அப்போது சளி கெட்டியாக ஒட்டும். சிலருக்கு வெளியே தெரியாது. விந்தணுக்கள் அதற்குள் எளிதில் நுழைய முடிவதில்லை.

முட்டை முதிர முதிர, ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. நீரின் பங்கு 98 விழுக்காடு வரை உயர்கிறது. 'எட்டு விழுக்காடுதானே!' என்று எண்ண வேண்டாம். நீர் தவிர்த்த பொருளின் பங்கு 10லிருந்து 2ஆக, அதாவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது! வலையின் கண்கள் அகல்கின்றன. சளி முட்டையின் வெண்கருவைப்போல் தெளிந்து, வழுக்குகிறது. இரு விரல்களுக்கிடையே பல சென்டிமீட்டர் நீளம் அறுபடாமல் இழுபடுகிறது. ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தால், உப்புப் படிகங்கள் பெரணி இலைபோல் கிளைத்திருப்பது தெரியும்.

இத்தகைய சளியில் விந்தணுக்கள் 5 நாட்கள் வரை உயிர்வாழ முடியும். ஆகவே வழுக்கும் தன்மை தோன்றும் நாட்களே கருத்தரிக்க ஏற்றவை. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வும் இதற்கு இசைவாக அமைந்தது. முட்டை வெளிப்படும் நாளையும் அதற்கு முந்தைய 5 நாட்களையும் சேர்த்த 6 நாட்களில் கூடியவர்களே அதில் கருத்தரித்தனர். முட்டை வெளிப்பட்டதும் புரோஜெஸ்டிரோன் பெருகி, சளி மீண்டும் இறுகிவிடுகிறது.

இந்த அறிகுறியைக் குறித்துவைக்கும் முறையை 1950களில் உருவாக்கத் தொடங்கியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் பில்லிங்ஸ். உலக சுகாதார நிறுவனம் பெங்களூர் உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு 1981இல் வெளியாயிற்று. அதில் 93 விழுக்காட்டுப் பெண்கள் முதல் மாதச் சுழற்சியிலேயே இம்மாற்றத்தைக் கண்டு குறித்தனர்.

செய்ய வேண்டியது எளிது. 'உலர்வு', 'பிசுபிசுப்பு', 'வழுக்கல்' என ஒவ்வொரு நாளும் ஒரு சொல் எழுதினால் போதும். அரிப்போ, நாற்றமோ, பச்சை நிறமோ இருந்தால் அது நோய்த்தொற்றாகலாம். மருத்துவரை நாட வேண்டும்.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில், மனைவிக்கு வயது 35ஐக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, சோதனை செய்துகொள்வது நல்லது. சளி கூறுவது நாளை மட்டுமே. விந்தணுக்களின் நிலையை அது கூறாது. எனவே மனைவியை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டுக் கணவர் வீட்டிலிருப்பது பாதிச் சோதனையே ஆகும்.