படகுச் சவாரிக்கு அனுமதி, பிறந்த மண்ணுக்குத் தடை: கபினிக் கரையில் சட்டம் சொல்வது என்ன?

கோடையில் கபினி நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் இறங்கியதும், வெளிப்படும் கரையில் புல் தழைக்கிறது. அதை மேய யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அவற்றைக் காணப் படகிலும் ஜீப்பிலும் சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். இயற்கையைக் காண விரும்புவது குற்றமன்று. ஆனால் அதே காட்டில் விருந்தினர் யார், அத்துமீறியவர் யார் என்பதை எது தீர்மானிக்கிறது?

கபினியை ஒட்டிய நாகரஹொளே 1955இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் தேசியப் பூங்காவாகவும் புலிகள் காப்பகமாகவும் மாறியது. ஜேனு குறுபர், பெட்ட குறுபர், எரவர் ஆகிய பழங்குடியினர் தலைமுறைகளாக வாழ்ந்த காடு அது. அங்கிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பல, குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலைக்குத் தள்ளப்பட்டன.

அனுமதியும் உரிமையும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, சுற்றுலாவுக்காகக் காட்டுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வழங்க வகைசெய்கிறது. அது அரசு தரும் அனுமதி மட்டுமே. பயணிக்கு அதனால் உரிமை எதுவும் பிறப்பதில்லை. மாறாக, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ‘அங்கீகரிக்கிறது’. அதாவது, முன்பே இருந்த உரிமையை அரசு ஒப்புக்கொள்கிறது. தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் இது பொருந்தும். உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் பணி முடியும்வரை எவரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு.

புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் வெளிவந்த பின் தடை நீங்கியது. மையப் பகுதியின் 20 விழுக்காடு வரை சுற்றுலாவுக்குப் பயன்படுத்தலாம் என்று அந்நெறிகள் கூறின. புலிக்கு இடையூறு என்று சொல்லி மக்களை வெளியேற்றிய நிலத்தில் வாகனங்கள் ஓடலாம் என்றால், அந்த வாதத்தின் நேர்மையை நாம் கேள்விக்குட்படுத்தியே ஆக வேண்டும்.

காட்டைக் காத்தவர் யார்?

1990களில் நாகரஹொளேக்குள் பெரும் ஓட்டல் நிறுவனம் ஒன்றுக்குச் சுற்றுலா விடுதி நடத்த அரசு இடம் குத்தகைக்கு விட்டது. அதை எதிர்த்துப் போராடியவர்களும் நீதிமன்றம் சென்றவர்களும் பழங்குடி அமைப்பினரே. மத்திய அரசின் முன் அனுமதியின்றி வனநிலத்தைக் குத்தகைக்கு விட்டது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது எனக் கர்நாடக உயர் நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அதே சமூகத்தின் குடும்பங்கள் 2025 மே மாதம் முன்னோர் வாழ்ந்த கரடிகல்லு அத்தூர் கொல்லிக்குத் திரும்பிக் குடிசை போட முனைந்தபோது, அவர்களை எதிர்கொண்டது வனத்துறையும் காவல்துறையும்.

தலித்துகளுக்கு இதில் என்ன?

காட்டை நம்பி வாழும் தலித்துகள் பெரும்பாலும் பட்டியல் பழங்குடியினர் அல்லர். ஆகவே சட்டத்தின் பார்வையில் அவர்கள் ‘பிற மரபுவழி வனவாசிகள்’. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்ததை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்ட மக்களிடம் முக்கால் நூற்றாண்டு ஆவணம் ஏது? விதிகள் இதற்கு ஒரு வழி தருகின்றன: ஊர்ப் பெரியவர்களின் எழுத்துவடிவ வாக்குமூலமும் சான்றே. குறிப்பிட்ட ஆவணம் ஒன்று இல்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது. இது தெரியாமலே பலர் உரிமை கோராமல் விட்டுவிடுகின்றனர்.

ஆற்றங்கரைக் காட்டுக்குச் செல்லும் மாணவர்கள் மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும். இந்தத் தடத்தில் முன்பு யாருடைய ஊர் இருந்தது? அவர்களது உரிமை மனுக்கள் எந்நிலையில் உள்ளன? இச்சுற்றுலாவுக்குக் கிராம சபையின் கருத்து கேட்கப்பட்டதா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இவற்றை எழுதிக் கேட்க 10 ரூபாய் போதும். சவாரிச் சீட்டுக்குச் செலவிடும் தொகையில் அது மிகச் சிறு பங்கு.