கிழிந்தது உயிர்க்குழாய்!

பாய்மரத் தோணிகள் ஓடிய நாளில், தொண்டிக் கடலில் பாய் கிழிந்தால் என்ன செய்வார்கள்? பாயை இறக்கிவிட்டு ஒட்டுப் போட்டுத் தைப்பார்கள். இதய டாக்டர்கள் செய்வதும் அதுதான்!

இதயத்திலிருந்து ரத்தம் புறப்படும் பெரிய குழாய் மகாதமனி. இதய ஆபரேஷனின்போதே, அபூர்வமாக, அதன் உட்சுவர் கிழிந்துவிடும். ரத்தம் உள்ளே புகுந்து சுவரைப் பிளக்கும். உயிருக்கே ஆபத்து!

உடனே உடலைச் சுமார் 20 டிகிரிக்குக் குளிர வைப்பார்கள். குளிர்ந்த மூளை கொஞ்ச நேரம் ரத்தமின்றித் தாங்கும். அதற்குள் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கிழிந்த பகுதியை வெட்டி, டெக்ரான் துணிக்குழாயைத் தைப்பார்கள்.

1950-களில் வீட்டுத் தையல் மிஷினில் அந்தக் குழாயைத் தைத்துப் பார்த்தவர் அமெரிக்க டாக்டர் டிபேக்கி. 2005-ல், 97-வது வயதில், அவருடைய மகாதமனியே கிழிந்தது! 2006-ல் சக டாக்டர்கள் துணிக்குழாய் தைத்தார்கள். பிழைத்தார், 2008 வரை வாழ்ந்தார்.

தைத்த துணி, தைத்தவரையே காத்தது!