தூக்குமரத்தடியில் ஒரு பாடம்

பொம்மைக்காகச் சண்டை பிடித்த மூன்று பிள்ளைகளை ஒரு அப்பா என்ன செய்வார்? நம் வீடுகளில் என்றால் ஆளுக்கொரு அடி, அத்தோடு கதை முடிந்தது. 1818இல் இங்கிலாந்தில் வெளியான 'ஃபேர்சைல்ட் குடும்பம்' என்ற புத்தகத்தில் வரும் அப்பாவுக்கு அடி மட்டும் போதவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், தூக்குமரத்தில் தொங்கும் பிணத்தைக் காட்டுகிறார். உடன்பிறந்தவனைக் கொன்றவனாம். சண்டை வளர்ந்தால் இங்கேதான் வந்து முடியும் என்று விளக்கம் வேறு!

எழுதியவர் ஒரு தாய். பெயர் மேரி மார்த்தா ஷெர்வுட். முதல் வாசிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படியுமா ஒரு பொம்பிளை எழுதுவாள்?

நாவல் படித்தால் பெண்பிள்ளை கெட்டுப்போவாள் என்று பலர் நம்பிய காலம் அது. ஒழுக்கம், குடும்பம், பக்தி என்று எழுதினால் மட்டும் பெண்ணின் பேனாவுக்கு அவ்வளவாக எதிர்ப்பில்லை. கலியாணமே கட்டாத ஹன்னா மோர், மனைவி தேடும் இளைஞனைப் பற்றி 1808இல் நாவல் எழுத, அது சக்கைபோடு போட்டது. மேரி பிரண்டன் 1811இல் தன்னடக்கத்தையே தலைப்பாக வைத்தார். புத்திமதி என்பது இவர்களுக்கு நுழைவுச் சீட்டும்தான்.

ஷெர்வுட் விஷயம் அதைவிடக் கனமானது. பட்டாளத்தில் இருந்த கணவரோடு 1805இல் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, மூத்த மகளை அம்மம்மாவிடம் விட்டுவிட்டுப் போனார். (நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்த கதை இது!) இந்தியாவில் ஹென்றி என்ற மகன் குக்கல் இருமலில் இறந்தான். பிறகு லூசி என்ற மகளும் போய்விட்டாள். அந்த மண்ணிலேயே அநாதைப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தார், பள்ளிக்கூடம் நடத்தினார்.

1814இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கதையில், சிறுவயதிலேயே இறந்துபோகும் பையனின் பெயர் ஹென்றி. அவனை வளர்த்த இந்திய வேலைக்காரனின் நம்பிக்கையை வெறும் அறியாமையாகக் காட்டும் இடங்கள் இன்று வாசிக்கக் கசக்கும். அதை மூடிமறைக்கத் தேவையில்லை. தூக்குமரத்தடியில் நின்ற அந்த மூன்று பிள்ளைகளின் பெயர்கள்? லூசி, எமிலி, ஹென்றி.

பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் தூக்குமரக் காட்சியையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கான புத்தகத்தில் அது சரிதான். நானும் என் பேரனுக்கு அதை வாசித்துக் காட்டமாட்டேன். ஆனால் எனக்கென்று வாங்கி வைத்திருப்பது வெட்டாத பதிப்பு. அந்தப் பக்கம் வரும்போது இப்போது கோபம் வருவதில்லை.